கும்பிட வேண்டாம், உட்காருங்கள்

மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாள் ஒரு அம்மா எங்களைத் தேடிப் பள்ளிக்கு வந்தார். கையில் மஞ்சப்பை, அதில் ஒரு சீப்பு வாழைப்பழம். வராந்தாவில் எங்களைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து காலைத் தொட வந்துவிட்டார். "உங்க புண்ணியமுங்க சாமி" என்றார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தோம். அவர் பதறிப்போனார். தான் தொட்டுவிடக்கூடாது என்று நகர்கிறோம் என நினைத்துவிட்டார்.

இதை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு நொடிக்காகத்தான்.

நாங்கள் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒருவர் கணக்கு, ஒருவர் தமிழ். ஒருவர் அருந்ததியர், ஒருவர் பறையர். ஒருவர் ஆண், ஒருவர் பெண். மாலை நாலே காலுக்கு மணி அடித்த பிறகு, அறிவியல் ஆய்வகத்தின் பின்பக்கம் இருக்கும் வேப்பமரத்தடியில் பிள்ளைகள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்போம். பத்து வருடங்களாக இது நடக்கிறது. "கவுன்சிலிங் டீச்சர், கவுன்சிலிங் சார்" என்று பெயர் விழுந்துவிட்டது. அப்படி ஒரு பணியிடமே எங்கள் பள்ளியில் கிடையாது. கீழே வரும் சம்பவங்களில் யார் எதைச் செய்தோம் என்று பிரித்துச் சொல்லப்போவதில்லை. தப்பு செய்தபோதும் சேர்ந்துதான் செய்தோம்.

அந்த அம்மாவின் குனிவு எங்களுக்குப் புதிதில்லை. எங்கள் பாட்டிகளுக்கு முதுகில் நிரந்தரமாக இருந்த குனிவு அது. இரவு எட்டு மணிக்கு ஊர்த்தெருவில் வீடு வீடாக வாசலுக்கு வெளியே நின்று, குண்டானில் விழும் சோற்றுக்குக் குனிந்தார்கள். பகலெல்லாம் அதே வீட்டுக் காட்டில் களை எடுத்தது கூலிக் கணக்கில் வராது. ராத்திரி விழுந்த சோறு மட்டும் நன்றிக் கணக்கில் ஏறிவிடும். "உங்க தாத்தன் எங்க சோத்துல வளந்தவன்" என்று எங்களில் ஒருவரிடம், ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்த பிறகும், ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார். உப்பிட்டவரை நினைக்கச் சொல்லும் பழமொழி நம்மிடம் இருக்கிறது. உப்பளத்தில் நின்றவர் யார் என்று கேட்கும் பழமொழி ஏன் இல்லையோ.

அதனால் நன்றி என்ற சொல்லே எங்களுக்கு நெடுநாள் கசந்தது. இயக்கத்துக்கு வந்த இளம் தோழர்கள் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். உரிமையைக் கேட்கிறவன் எதற்கு நன்றி சொல்ல வேண்டும்? நாங்களும் பல மேடைகளில் இப்படிப் பேசியிருக்கிறோம். அதில் தப்பில்லை. ஆனால் இந்த வருடம் ஒரு பையன் விஷயத்தில் நாங்கள் பட்ட பாடு, யாருக்கு நன்றி சொல்லாமலேயே இத்தனை வருடம் ஓட்டிவிட்டோம் என்று காட்டிக்கொடுத்தது.

மேலே சொன்ன அம்மாவின் மகன்தான். பொங்கல் விடுமுறைக்குப் பிறகு பள்ளிக்கு வரவில்லை. அப்பா பள்ளிபாளையம் பக்கம் ஒரு தறிப்பட்டறையில் முன்பணம் வாங்கியிருந்தார். இந்தப் பகுதியில் அட்வான்ஸ் என்பது என்னவென்று தெரியாதவர்களுக்காக: கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ ஒரு தொகை வாங்கினால், அதைக் கட்டி முடிக்கும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. வாரக் கூலியில் பிடித்தம் நடக்கும், கடன் குறையாது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டப்படி, இப்படி ஆளைக் கட்டிவைக்கும் கடனே செல்லாது. கோட்டாட்சியர் விசாரித்து விடுவிப்புச் சான்று தர முடியும். இதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். அதுதான் வினை.

ஒரு சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் போனோம். பட்டறையில் அப்பாவோடு பையனும் இராத்திரி ஷிப்டில் நிற்கிறான் என்று தெரிந்தது. வாசலில் நின்றபடியே சட்டம் பேசினோம். 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது, 18 வரை அபாயகரமான வேலை கூடாது, இந்தக் கடன் செல்லாது, மனு எழுதித் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். பக்கத்து வீட்டு வாசலில் யார் நின்றார்கள் என்று நாங்கள் பார்க்கவில்லை. அன்றிரவே பேச்சு பட்டறைக்குப் போய்விட்டது. மறுநாள் காலை முழுப்பணத்தையும் எண்ணி வைக்கச் சொல்லி ஆள் வந்தது. செவ்வாய்க்கிழமை, கடனில் ஒரு பங்கைக் கட்டுவதற்காக, பையனை ரிக் வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளை வட இந்தியாவில் படிக்கும் தோழர்கள்கூடப் பார்த்திருப்பீர்கள். ஆழ்துளைக் கிணறு போடும் லாரிகள். நாடு முழுக்கப் போகும், ஆறு மாதம் எட்டு மாதம் கழித்துத் திரும்பும். பத்தாம் வகுப்பு பாதியில் நின்ற எங்கள் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்த வண்டிகளில் போயிருக்கிறார்கள். இவனை மத்தியப் பிரதேசம் போகும் வண்டியில் அனுப்பியது நாங்கள்தான். அப்படித்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளராக இருக்கும் அம்மா அதே தெருக்காரர். புதன்கிழமை மதியம் முட்டை உரித்துக்கொண்டே எங்களைக் கூப்பிட்டார். "ஏனுங் டீச்சர், அந்த ஊட்டுக்கு நீங்க போறதுக்கு மின்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலாமில்ல? பகல்ல போவாங்களா? பொடக்காளிப் பக்கமா ராத்திரி போவோணும். ஊட்டுக்காரங்கிட்ட பேசக்கூடாது, அவ பொண்டாட்டிகிட்டப் பேசோணும்." இவ்வளவுதான் சொன்னார். நாங்கள் மனநலப் பயிற்சிக்குச் சென்னைக்கும் போயிருக்கிறோம், சேலத்துக்கும் போயிருக்கிறோம். பகலில் போகாதே என்று எந்தப் பயிற்சியிலும் எங்களுக்குச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததில் எங்கள் பங்கு குறைவு. அந்தச் சமையல் அம்மா இராத்திரி போய்ப் பையனின் அம்மாவிடம் பேசி, வண்டி டிரைவரின் நம்பர் வாங்கி வந்தார். டிரைவர் யாரென்று பார்த்தால், பல வருடங்களுக்கு முன்னால் எங்களிடம் கணக்கில் தவறிப்போன பழைய மாணவன். "நானும் அப்படித்தானே சார் வண்டி ஏறுனேன். எப்பப் பரீட்சைன்னு மட்டும் சொல்லுங்க" என்றான். அவன் வகுப்பு மாணவிகள் மூன்று பேர் தினமும் மாலை பாடத்தைச் செல்போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பினார்கள். ஒவ்வொன்றும் நாலைந்து நிமிடம். எங்கள் பாடத்தை எங்களைவிட நன்றாக நடத்தியிருந்தார்கள் என்பதைக் கொஞ்சம் பொறாமையோடு ஒப்புக்கொள்கிறோம். மின்கடத்தி என்ற சொல்லை ஒரு மாணவி வீட்டுத் தெலுங்கில் விளக்கியிருந்தாள். ஆறாம் வகுப்பில் அந்தத் தெலுங்குக்காகக் கேலி செய்யப்பட்டு, ஒரு வருடம் வாயே திறக்காமல் இருந்தவள் அவள்.

தலைமையாசிரியர் ஊர்த்தெருவைச் சேர்ந்தவர். எங்களுக்கும் அவருக்கும் ஒத்துப்போகாத விஷயங்கள் நிறைய. ஏப்ரல் 14ஐச் சமத்துவ நாள் என்று அரசு அறிவித்த பிறகும் அம்பேத்கர் படம் வைப்பதற்கு ஒரு மணி நேரம் யோசித்தவர். ஆனால் இந்தப் பையன் பெயரை நீக்கிவிட்டால் தேர்ச்சி விகிதம் காப்பாற்றப்படும் என்று மேலிருந்து ஜாடையாகச் சொன்னபோது, "பேரு போயிருச்சுங்க, இனி எடுக்க முடியாது" என்று ஒரே பதிலில் முடித்துவிட்டார். அறிவியல் செய்முறைத் தேர்வுக்கு 25 மதிப்பெண். அதற்கு முதல்நாள் இரவு பையன் சேலம் ஜங்ஷனில் வந்து இறங்கினான். கூட்டிவரப் போனது எங்களில் ஒருவரின் கணவர். காலையில் அவனுக்குச் சட்டை மாற்றிக் கொடுத்தது பள்ளிக் காவலர். கணக்கில் 38 எடுத்துப் பாஸாகிவிட்டான். கடன் இன்னும் இருக்கிறது. இம்முறை மனு கொடுப்பதற்கு முன்னால், அதே கடனில் மாட்டியிருக்கும் இன்னும் நாலு குடும்பத்தோடு சமையல் அம்மா பேசிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்லும்வரை நாங்கள் வாயைத் திறக்கப்போவதில்லை.

நாமக்கல் பள்ளிகள் என்றால் தமிழ்நாட்டில் வேறொன்றுதான் நினைவுக்கு வரும். மாநிலமே பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுதிகளில் அடைத்து மதிப்பெண் அறுவடை செய்த காலம் இருந்தது. கோழிப்பண்ணையைப் பார்த்துத்தான் அவற்றுக்குப் பிராய்லர் பள்ளி என்று பெயர் வந்தது. அந்த விடுதிகளுக்கு எங்கள் தெருப் பெண்கள் பாத்திரம் கழுவப் போனார்கள். அவர்களின் பிள்ளைகள் எங்கள் வேப்பமரத்தடிக்கு வந்தார்கள். ஒரே மாவட்டத்தின் இரண்டு கல்வி.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் தடுக்க வந்த தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, நீதியரசர் கே.சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதிக் கயிறுகளைத் தடுப்பது, பள்ளிப் பெயர்களில் சாதியை எடுப்பது என்று பலவற்றுக்கு நடுவில் ஆலோசகர்கள் பற்றியும் அதில் இருக்கிறது. ஒன்றியத்துக்கு ஒரு பயிற்சி பெற்ற ஆலோசகர் வேண்டும் என்றும், 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளில் மாணவர் நல அலுவலர் ஒருவர் வேண்டும் என்றும் பரிந்துரை. வரவேற்கிறோம், வலியுறுத்துகிறோம். எங்கள் பள்ளியில் 500 பேர் இல்லை என்பது வேறு விஷயம். அந்தப் பணிக்கு வரப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: முதல் நாளே சத்துணவுக் கூடத்துக்குப் போய் உட்காருங்கள்.

நன்றி சொல்லச் சங்கடமான ஒருவனும் இருக்கிறான். 'மாணவர் மனசு' பெட்டியில் இரண்டு வருடங்களுக்கு முன்னால் பெயரில்லாத ஒரு சீட்டு விழுந்தது. விளையாட்டுப் பீரியடில் தண்ணீர் பாட்டில் யார் யாரிடம் மாறக்கூடாது என்று ஒரு குழு விதி வைத்திருப்பதை எழுதியிருந்தது. கையெழுத்து எங்களுக்குத் தெரியும். ஊர்த்தெருப் பையன், அந்தக் குழுவில் ஒருவன். அந்தச் சீட்டால் விஷயம் வெளியே வந்தது. கூட்டாளிகள் கண்டுபிடித்து அவனை ஒதுக்கினார்கள். ஒரு மாதம் மதியச் சோற்றைத் தனியாகச் சாப்பிட்டான். அவனை நாங்கள் கூப்பிட்டுப் பாராட்டவில்லை. எங்கள் பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலிருந்து தனியாகச் சாப்பிட்டபோது யாரும் பாராட்டவில்லையே என்று ஒரு கோபம். இன்று யோசித்தால் அந்தக் கோபம் நியாயம்தான், ஆனால் அவனிடம் காட்டியிருக்க வேண்டாம். இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறான். இதை வாசிப்பான் என்று நினைக்கிறோம். நன்றி தம்பி.

நாங்கள் இருவரும் வெவ்வேறு சாதி என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 18 விழுக்காட்டில் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2009இல் சட்டமானபோது, எங்கள் இரண்டு தெருக்களும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டன. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் உள்ஒதுக்கீடு செல்லும் என்றபோதும் மரத்தடியில் நாங்கள் ஒரு வாரம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அந்த வாரத்தில் மாணவர்கள்தான் எங்களுக்குக் கவுன்சிலிங் செய்தார்கள். "நீங்க சண்டை போட்டா நாங்க எங்க சார் போறது?" என்று எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். வெட்கமாக இருந்தது.

வேப்பமரத்தடியிலிருந்து பார்த்தால் திருச்செங்கோட்டு மலை தெரியும். அந்தக் கோயிலிலிருந்துதான் 2015 ஜூன் 23 அன்று ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். வேறு சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார் என்பதுதான் காரணம். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் உடல் கிடைத்தது. அந்த ஜூன் மாதத்துக்குப் பிறகு எங்கள் பிள்ளைகள் பேசும் விதமே மாறிப்போனது. பிடித்திருக்கிறது என்று ஒரு பெண் வந்து சொன்னால், முதலில் எங்கள் வயிறு கலங்கும். பயத்தில் நாங்களே, "படிப்பை மட்டும் பாரு" என்று வாயை அடைத்திருக்கிறோம். ஆலோசனை என்ற பெயரில் ஆதிக்கச் சாதி சொன்னதையே நாங்கள் மெதுவான குரலில் சொல்லியிருக்கிறோம்.

அந்தப் பயத்திலிருந்து எங்களைக் கொஞ்சமாவது வெளியே இழுத்தவர் கோகுல்ராஜின் தாயார் சித்ரா. முக்கியச் சாட்சி பிறழ்ந்த பிறகும் அவர் பிறழவில்லை. வழக்கை நாமக்கல்லிலிருந்து மாற்றக் கேட்டு மதுரைக்குக் கொண்டுபோனார். ப.பா.மோகன் அரசு சிறப்பு வழக்கறிஞராக நின்றார். கோயிலின் கண்காணிப்புக் கேமரா பதிவுகள் முக்கியச் சான்றாயின. 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்கு ஆயுள் தண்டனை. 2023 ஜூனில் உயர் நீதிமன்றமும் அவர்கள் குற்றவாளிகள் என்ற தீர்ப்பை உறுதிசெய்தது. தீர்ப்பு வந்த அன்று மாலை மரத்தடியில் ஒரு மாணவன், "அந்தம்மா எத்தனை தடவை சார் மதுரைக்குப் பஸ் ஏறியிருப்பாங்க?" என்று கேட்டான். எங்களுக்கு அந்தக் கேள்வி தோன்றியிருக்கவில்லை.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம். அம்பேத்கர் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்கு 1956இல் ஒரு முன்னுரை எழுதினார். நோயோடு போராடிய ஆண்டுகளில் தன்னை உயிரோடு வைத்திருந்ததற்காக மனைவி சவிதாவுக்கும் மருத்துவர் மால்வங்கருக்கும் அதில் நன்றி சொல்லியிருந்தார். அவர் மறைந்த பிறகு 1957இல் நூல் வந்தபோது அந்த முன்னுரை அதில் இல்லை. பல ஆண்டுகள் கழித்தே அச்சேறியது. சவிதாவின் மீது அன்றைய இயக்கத்தவர் பலருக்கு இருந்த வெறுப்பு தெரிந்ததுதான். சிறுவன் பீமாராவுக்குத் தான் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்த ஆசிரியர் கேளுஸ்கரை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். மருந்து எடுத்துக் கொடுத்தவரின் பெயர்தான் அச்சில் விடுபட்டது. நம் இயக்கக் கூட்டங்களின் நன்றியுரையை உன்னிப்பாகக் கேளுங்கள். மைக்செட்காரருக்குக்கூட இடம் இருக்கும், வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவருக்கு இருக்காது.

எங்களில் ஒருவரின் மகள் ஏழாம் வகுப்பில் ஒருநாள் சொன்னாள்: "ஊர்ப் பிள்ளைங்க சொல்றதெல்லாம் கேக்கறீங்க. நான் பேசுனா மட்டும் போன் பாக்கறீங்க." அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மரத்தடி கிடையாது. இன்னொருவரின் அம்மா நகராட்சியில் தூய்மைப் பணி செய்து ஓய்வு பெற்றவர். மகன் ஆசிரியரான பிறகு ஒருமுறைகூட அவன் பள்ளிக்கு வரவில்லை. "நான் வந்தா உன்னை எப்படிப் பாப்பாங்களோ" என்பார். போன சமத்துவ நாளுக்குத் தலைமையாசிரியரே வீட்டுக்குப் போய் அழைத்தார். வந்தார், முன்வரிசையில் உட்கார்ந்தார், கழிப்பறை சுத்தமாக இல்லை என்று அவரிடமே சொல்லிவிட்டுப் போனார்.

மறுபடியும் அந்த வராந்தா. பதறி நின்ற அம்மாவிடம், "தொட்டா ஒன்னுமில்லம்மா, நீங்க குனியறதுதான் எங்களுக்கு ஆகலை. நாங்களும் உங்க தெருதான், சாமி இல்லை" என்றோம். நாற்காலியை இழுத்துப் போட்டோம். அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், சத்துணவுக் கூடத்துப் பக்கம் பார்த்தார். சமையல் அம்மா அங்கிருந்தே, "உக்காரு புள்ள" என்று சத்தம் போட்டார். அதன் பிறகுதான் உட்கார்ந்தார், நாற்காலியின் ஓரத்தில். பழத்தில் பாதியைச் சமையல் கூடத்துக்குக் கொடுத்தனுப்பினோம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு ஆதார் அட்டை நகலை எடுத்து மேஜையில் வைத்தார்.

"சின்னவன் எட்டாவது போறானுங்க டீச்சர். அவனையும் பட்டறைக்குக் கேக்கறாங்க. என்ன பண்ணலாம், சொல்லுங்க."